தொலைதூர மிஸ்டரி ஷாப்பிங் பணிகளுக்குப் பயணச் செலவைப் பேசி வாங்குவது எப்படி? – முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் மிஸ்டரி ஷாப்பர்களாக வேலை பார்ப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊழியர்கள் அல்லர். பல மிஸ்டரி ஷாப்பிங் நிறுவனங்களிடம் பதிவு செய்துகொண்டு, கிடைக்கிற பணியைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் தனி ஒப்பந்தக்காரர்கள். பெட்ரோல் நிலையத்தின் கழிவறையில் சோப்பு இருந்ததா, வங்கிக் கிளையில் கணக்குத் தொடங்க வந்தவரை எப்படி வரவேற்றார்கள், உணவகத்தில் ஆர்டர் எத்தனை நிமிடத்தில் மேசைக்கு வந்தது என்பன போன்ற விவரங்களைச் சாதாரண வாடிக்கையாளரைப் போலச் சென்று கவனித்து அறிக்கை எழுதித் தர வேண்டும். வீட்டிலிருந்து 5 மைலுக்குள் இருக்கும் கடைக்கு 15 அல்லது 20 டாலர் கட்டணம் என்பது ஏற்கக்கூடியதாகவே இருக்கும். அதே கட்டணத்தில் 140 மைலுக்கு அப்பால் இருக்கும் கடைக்கு ஒருவர் போய் வந்தால், 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற கதைதான்.

ஆயினும் தொலைதூரப் பணிகளை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. பட்டியலில் போட்டிருக்கும் கட்டணம் இறுதியானது என்று நினைத்துக்கொள்வதே பலர் நஷ்டப்படக் காரணம். யாரும் எடுக்காமல் கிடக்கும் பணிக்குக் கூடுதல் பணம் தர நிறுவனங்கள் பெரும்பாலும் ஆயத்தமாகவே இருக்கின்றன; கேட்பவர் எதைக் கேட்கிறார், எப்போது கேட்கிறார், எந்த வடிவில் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே அது கிடைக்கிறது.

தொடங்குமுன்: உங்களுக்கு இந்த வேலை செய்ய அனுமதி உண்டா?

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வியைத் தாண்டி மேலே போக முடியாது என்பதால் இதை முதலில் வைக்கிறேன். எச்-1பி விசாவில் இருப்பவர், விசாவுக்கு மனுச் செய்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். ஓய்வு நேரத்தில் தனி ஒப்பந்தக்காரராக மிஸ்டரி ஷாப்பிங் செய்து பணம் பெறுவது அந்த அனுமதிக்குள் வராது. எச்-4 விசாவில் இருக்கும் வாழ்க்கைத்துணைக்கு வேலை அனுமதி அட்டை தேவை. அதற்கு விண்ணப்பிக்க, பொதுவாக எச்-1பி வைத்திருப்பவரின் ஐ-140 மனு (பசுமை அட்டைக்காக நிறுவனம் தாக்கல் செய்வது) ஏற்கப்பட்டிருக்க வேண்டும். எஃப்-1 மாணவர்களும் உரிய அனுமதியின்றி இதில் இறங்கக் கூடாது. பசுமை அட்டை உள்ளவர்களுக்கும் குடியுரிமை பெற்றவர்களுக்கும் இந்தத் தடை இல்லை. 20 டாலர் வேலைதானே என்று குடிவரவு நிலையைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனமன்று.

முதற்படி: ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு நிறுவனத்திலும் பதிவு செய்யும்போது ஒப்பந்தக்காரர் உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொள்கிறீர்கள். பயணம், வாகனம், தொலைபேசி முதலிய செலவுகள் யாவும் ஒப்பந்தக்காரரையே சாரும் என்ற வாசகம் அதில் ஏறக்குறைய எப்போதும் இருக்கும். வேலை நிமித்தமான செலவை ஊழியருக்கு முதலாளி திருப்பித் தர வேண்டும் என்று கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் சட்டமே உண்டு. அது ஊழியர்களுக்கானது, ஒப்பந்தக்காரர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே பணியை ஏற்றுக்கொண்ட பிறகு "இவ்வளவு தூரம் ஓட்டினேன், பெட்ரோல் காசு கொடுங்கள்" என்று கேட்பதற்கு உங்களிடம் பிடிமானம் எதுவும் இராது. பேரம் முழுவதும் ஏற்றுக்கொள்வதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

பணியின் விவரப் பக்கத்தில் மூன்று வகையான தொகைகள் வரும். இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கட்டணம் என்பது உங்கள் உழைப்புக்கான ஊதியம். ஈடுசெய் தொகை என்பது பணியின் பகுதியாக நீங்கள் கட்டாயம் வாங்க வேண்டிய பொருளுக்கோ சாப்பாட்டுக்கோ ஒரு வரம்புவரை திருப்பித் தரப்படுவது. போனஸ் என்பது பணியை எடுக்க ஆளில்லாதபோது மேலே சேர்க்கப்படுவது. பயணத்துக்கான பணம் பெரும்பாலும் இந்த மூன்றாவது வடிவில்தான் வருகிறது. "கட்டணம் 10, ஈடுசெய் தொகை 25" என்று போட்டிருக்கும் உணவகப் பணியை 35 டாலர் வருமானம் என்று எண்ணி நெடுந்தூரம் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 25 டாலர் உங்கள் கையிலிருந்து போய்த் திரும்பி வருவது. சில நிறுவனங்களில் அது திரும்பி வர இரண்டு மாதம்கூட ஆகும்.

இரண்டாம் படி: உங்கள் அடிவிலையைக் கணக்கிடுங்கள்

எந்தத் தொகைக்குக் கீழே போனால் வீட்டிலேயே இருப்பது மேல் என்பதுதான் அடிவிலை. இதைக் கணக்கிடாமல் பேரத்தில் இறங்குகிறவர்கள், கேட்ட தொகையில் பாதி கிடைத்ததும் மகிழ்ந்து ஒப்புக்கொண்டு, வண்டியை ஓட்டும்போதுதான் யோசிக்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு பார்க்கலாம். டாலஸில் வசிக்கும் ஒருவருக்கு டெக்சாஸின் வடபகுதியில் இருக்கும் விச்சிட்டா ஃபால்ஸில் ஒரு பணி இருக்கிறது. ஒருவழித் தூரம் சுமார் 140 மைல், போய்வர 280 மைல். கார் கேலனுக்கு 28 மைல் கொடுத்து, பெட்ரோல் கேலன் 3 டாலர் என்றால் மைலுக்கு ஏறத்தாழ 11 சென்ட் எரிபொருளுக்கே போகிறது. 600 டாலர் டயர்கள் 50,000 மைல் உழைத்தால் மைலுக்கு 1.2 சென்ட், 5,000 மைலுக்கு ஒருமுறை 70 டாலருக்கு ஆயில் மாற்றினால் 1.4 சென்ட். பழுது, வண்டியின் மதிப்புக் குறைவு ஆகியவற்றுக்குச் சுமார் 11 சென்ட் ஒதுக்கினால் மொத்தம் மைலுக்கு 25 சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம். இது பழைய சிறிய காருக்கான கணக்கு, புதிய எஸ்.யூ.வி. வைத்திருப்பவருக்கு இன்னும் கூடும். 280 மைலுக்கு 70 டாலர்.

அடுத்து நேரம். ஓட்டுவதற்கு நாலரை மணி, கடையில் அரை மணி, அறிக்கை எழுத ஒரு மணி, ஆக 6 மணி நேரம். உங்கள் நேரத்துக்கு மணிக்கு 15 டாலர் என்று நீங்கள் விலை வைத்தால் 90 டாலர். இரண்டையும் கூட்டினால் அடிவிலை 160 டாலர் வருகிறது. பட்டியலிலோ அந்தப் பணிக்கு 18 டாலர் போட்டிருக்கிறது என்று கொள்வோம். ஒற்றைப் பணிக்கு 142 டாலர் போனஸ் கேட்டால் கிடைப்பது அரிது. பெரிய வாடிக்கை நிறுவனத்தின் கட்டாயக் காலக்கெடு நெருங்கியிருந்தால் ஒழிய, கேட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அறிவிக்கும் மைல் விகிதத்தையே (2024இல் 67 சென்ட், 2025இல் 70 சென்ட், 2026இல் 72.5 சென்ட்) பேரத்துக்கு அளவுகோலாகச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது வரிக் கழிவுக்கான விகிதம். எந்த மிஸ்டரி ஷாப்பிங் நிறுவனத்தையும் அது கட்டுப்படுத்தாது. "அரசு விகிதப்படி 203 டாலர் தர வேண்டும்" என்று எழுதினால், எதிர்முனையில் இருப்பவர் உங்களைப் புதியவர் என்று உடனே கண்டுகொள்வார். அந்த எண்ணை உங்கள் வரிக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் படி: ஒற்றைப் பணியை வழித்தடமாக மாற்றுங்கள்

தொலைதூரப் பயணத்தில் பணம் பார்க்கும் வழி இதுவே என்பதால் இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஓட்டும் தூரமும் நேரமும் ஒன்றுதான். அதைப் பல பணிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய போனஸ் குறைகிறது, நிறுவனத்துக்கும் ஒப்புக்கொள்வது எளிதாகிறது.

டாலஸிலிருந்து டென்டன் வழியாகப் போய், டெகேட்டரில் 287ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால், போவி, ஹென்றியெட்டா ஆகிய ஊர்களைக் கடந்துதான் விச்சிட்டா ஃபால்ஸ் வரும். இத்தகைய சிற்றூர்களில் பதிவு செய்த ஷாப்பர்கள் சொற்பம். ஆனால் பெட்ரோல் நிலையங்களும் துரித உணவகங்களும் நெடுஞ்சாலையோரம் இருக்கத்தான் செய்கின்றன. விச்சிட்டா ஃபால்ஸில் இரண்டு, போவியில் ஒன்று, டெகேட்டரில் ஒன்று என நான்கு பணிகள் கிடைத்தால் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஓட்டும் நேரம் ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து 5 மணி, கடைகளில் 2 மணி, நான்கு அறிக்கைகளுக்கு 3 மணி, ஆக 10 மணி நேரத்துக்கு 150 டாலர். வண்டிக்கு அதே 70 டாலர். மொத்தம் 220 டாலரை நான்கால் வகுத்தால் ஒரு பணிக்கு 55 டாலர். 18 டாலர் கட்டணம் ஏற்கெனவே இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 37 டாலர் போனஸ் கிடைத்தால் போதும். 142 எங்கே, 37 எங்கே!

பணிகளைத் தேட ஒவ்வொரு நிறுவனத்தின் தளத்திலும் தனித்தனியே நுழைவதைவிட, பல நிறுவனங்களின் பணிகளை வரைபடத்தில் காட்டும் ப்ரெஸ்டோ மேப், பட்டியலாகத் தரும் ஜாப்ஸ்லிங்கர் போன்ற சேவைகளைப் பயன்படுத்தலாம். வழித்தடம் அமைக்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, பணிகளுக்கு விதிக்கப்பட்ட நேர வரம்பு. மதியம் 11 முதல் 2 மணிக்குள் மட்டும் செய்ய வேண்டிய இரண்டு உணவகப் பணிகள் 100 மைல் இடைவெளியில் இருந்தால் ஒன்று கெடும். இரண்டாவது, ஒரே நாளில் ஒரே சங்கிலி நிறுவனத்தின் எத்தனை கிளைகளைப் பார்க்கலாம் என்ற விதி. சில திட்டங்கள் இதைத் தாராளமாக அனுமதிக்கின்றன, சில அறவே அனுமதிப்பதில்லை.

வெவ்வேறு நிறுவனங்களின் பணிகளைக் கலந்து ஒரே பயணத்தில் செய்வதில் தவறேதுமில்லை. அதுதான் ஒப்பந்தக்காரரின் சுதந்திரம். ஆனால் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் யார், அவர்கள் எவ்வளவு தருகிறார்கள் என்பதை மற்றொரு நிறுவனத்தில் பணிகளை ஒதுக்கும் ஷெட்யூலரிடம் சொல்லிப் பேரம் பேசக் கூடாது. இரகசியக் காப்பு விதியை மீறியதாக அது எடுத்துக்கொள்ளப்பட்டால் உங்கள் கணக்கையே முடக்கிவிடுவார்கள். "அதே நாளில் அந்தப் பகுதியில் எனக்கு வேறு வேலையும் இருக்கிறது" என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை.

நான்காம் படி: நேரம் பார்த்துக் கேளுங்கள்

பணிகளை ஒதுக்குகிறவர் ஷெட்யூலர். இந்த மாதத்துக்குள் இத்தனை கடைகளை முடித்துத் தர வேண்டும் என்பது அவருக்கு இருக்கும் நெருக்கடி. மாதத் தொடக்கத்தில் அவரிடம் நூறு பணிகள் நிரம்பாமல் இருக்கும். யாராவது எடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் போனஸ் தர மனம் வராது. இருபதாம் தேதிக்கு மேல் நகரத்துக் கடைகள் எல்லாம் நிரம்பிவிட, வரைபடத்தின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர்க் கடைகள் மட்டும் எஞ்சும். பலருக்கும் ஒரே நேரத்தில் "எஞ்சிய பணிகள், போனஸ் உண்டு" என்று மின்னஞ்சல் வரத் தொடங்குவது அப்போதுதான்.

ஏற்றுக்கொண்டவர் கடைசி நேரத்தில் கைவிட்ட பணிகளும், அறிக்கை நிராகரிக்கப்பட்டதால் மறுபடி செய்ய வேண்டிய பணிகளும் இன்னொரு வாய்ப்பு. இரண்டு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற குறிப்போடு ஒரு பணி திடீரென்று பட்டியலில் முளைத்தால் அது பெரும்பாலும் இந்த வகைதான். அங்கே ஷெட்யூலருக்குக் காத்திருக்க நேரமில்லை.

பொறுத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. போனஸ் ஏறட்டும் என்று நீங்கள் காத்திருக்கும்போது வேறொருவர் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம். வழித்தடத்தின் முதுகெலும்பாக இருக்கும் பணியை (நம் எடுத்துக்காட்டில் விச்சிட்டா ஃபால்ஸில் இருக்கும் இரண்டும்) முதலில் பேசி முடித்துவிட்டு, வழியில் இருக்கும் சிறு பணிகளுக்குக் காத்திருப்பது என் பார்வையில் சரியான வரிசை. முதுகெலும்பு கைக்கு வருமுன் சிறு பணிகளை ஏற்றுக்கொண்டுவிட்டால், பேரம் முறிந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் மாட்டிக்கொள்வீர்கள். ஏற்றதைக் கைவிட்டால் உங்கள் மதிப்பீடு இறங்கும்.

ஐந்தாம் படி: கேட்கும் மின்னஞ்சல்

ஷெட்யூலர் ஒரு நாளைக்குப் பார்க்கும் மின்னஞ்சல்கள் ஏராளம். பணி எண், ஊர், தேதி, தொகை ஆகிய நான்கும் முதல் சில வரிகளிலேயே இருக்க வேண்டும்; உங்கள் கார், பெட்ரோல் விலை, குடும்பச் சூழல் எதுவும் வேண்டாம். நீங்கள் ஆங்கிலத்தில் அனுப்பப்போகும் மின்னஞ்சலின் சாரம் இவ்வாறு இருக்கலாம்:

"வணக்கம். விச்சிட்டா ஃபால்ஸ் (2 இடங்கள்), போவி, டெகேட்டர் ஆகிய நான்கு இடங்களையும் வரும் வியாழக்கிழமை ஒரே நாளில் முடித்து, வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் அறிக்கைகளைச் சமர்ப்பிக்க என்னால் முடியும். பணி எண்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். நான் டாலஸிலிருந்து வருவதால், வெளியிடப்பட்ட கட்டணத்துக்கு மேல் ஒவ்வொரு பணிக்கும் 45 டாலர் போனஸ் சேர்த்தால் நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். நாளை மாலைக்குள் தெரிவித்தால் அந்த நாளை ஒதுக்கி வைக்கிறேன்."

இதில் கவனிக்க வேண்டியவை சில. அடிவிலை 37 என்றிருக்க 45 கேட்பது, இறங்கி வர இடம் வைப்பதற்காக. 90 கேட்டால் பதிலே வராது. "முடியுமா, பார்த்துச் செய்யுங்கள்" என்று தொகையை அவர் கையில் விட்டால் 5 டாலர் சேர்த்துத் தருவார், அதற்கு நன்றியும் சொல்ல வேண்டியிருக்கும். நாளையும் நேரத்தையும் உறுதியாகச் சொல்வதால், இந்த ஒரு மின்னஞ்சலோடு தம் பட்டியலில் நான்கு வரிகள் நிரம்பும் என்று அவருக்குத் தெரிகிறது. அவர் போனஸ் தருவது அதற்காகத்தான்.

சாஸி போன்ற மென்பொருள்களில் இயங்கும் தளங்களில் விண்ணப்பிக்கும்போதே குறிப்பு எழுத இடமிருந்தால், இதே செய்தியைச் சுருக்கி அங்கும் எழுதலாம். ஆனால் ஒரே சொடுக்கில் பணியை உங்கள் பெயரில் ஏற்றுவிடும் பொத்தானை, போனஸ் உறுதியாகும்வரை தொடாதீர்கள்.

ஆறாம் படி: எதிர்விலை வந்தால்

பதில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "ஆர்வத்துக்கு நன்றி. இந்தத் திட்டத்தில் என்னால் ஒரு பணிக்கு 30 டாலர்வரைதான் தர முடியும்." பல நிறுவனங்களில் ஷெட்யூலர் தாமாகவே தரக்கூடிய போனஸுக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதற்கு மேல் போக வேண்டுமானால் திட்ட மேலாளரிடம் அவர் அனுமதி கேட்க வேண்டும். ஆகவே அவர் சொல்வதைப் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இறுதி வார்த்தை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே 30 டாலரை அப்படியே ஏற்றால் மொத்தம் 192 டாலர்தான்; அடிவிலைக்கு 28 டாலர் குறைவு. அதற்காக நான்குக்கும் 37 என்று கறாராக நின்றால் பேச்சு அறுந்து போகலாம். தொகையை இடத்துக்கு இடம் மாற்றிக் கேட்பது இதைவிட நல்லது. "டெகேட்டருக்கும் போவிக்கும் நீங்கள் சொன்ன 30 டாலரே போதும்; விச்சிட்டா ஃபால்ஸ் இரண்டுக்கும் மட்டும் 45 டாலர் என்றால் நான்கையும் இன்றே உறுதி செய்கிறேன்" என்று எழுதினால், இரண்டு இடங்களில் அவர் சொன்னபடியே நடக்கிறது, ஆள் கிடைக்காத இரண்டு இடங்களுக்கு மட்டும் அவர் மேலிடத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் போனஸ் 150, கட்டணம் 72, ஆக 222 டாலர், அடிவிலையைத் தாண்டிவிட்டது.

பணத்தில் அவரால் ஏற முடியாவிட்டால் வேறு வகையில் ஈடு கேட்கலாம்: அதே வழியில் ஐந்தாவது பணி ஒன்று, குறிப்பிட்ட தேதிக்குப் பதிலாக உங்களுக்கு வசதியான தேதி, நேர வரம்பில் தளர்வு, அடுத்த மாதம் இதே வழித்தடத்தை மற்றவர்களுக்குத் திறக்கும் முன் உங்களிடம் கேட்பது. கடைசியாகச் சொன்னது பலரும் கேட்க மறக்கிற ஒன்று.

எதுவும் சரிப்படாதபோது ஒரே வரியில் மறுத்துவிடுங்கள்: "இந்த முறை இயலவில்லை, மாத இறுதியில் இவை மீந்திருந்தால் தெரிவியுங்கள்." கோபமோ விளக்கமோ தேவையில்லை. மாதக் கடைசியில் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் வருவது நடக்கிற கதைதான்.

ஏழாம் படி: எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்

தொலைபேசியில் பேசி முடித்தாலும், "நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் பெறுங்கள். போனஸ் தொகை தளத்தில் அந்தப் பணிக்கு நேரே ஏறியிருக்கிறதா என்று பார்த்து, கிளம்புமுன் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொகையைத் தவிர, கீழ்க்காணும் கேள்விகளுக்கும் பதில் வாங்கியிருக்க வேண்டும்.

கடை மூடியிருந்தால் என்ன ஆகும்? 140 மைல் ஓட்டிப் போன பிறகு கதவில் 'புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பு தொங்கினால், பல நிறுவனங்கள் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியை மட்டுமே தரும். அப்படியானால் போனஸும் போகுமா, அறிவிப்பின் புகைப்படம் இருந்தால் முழுத் தொகையும் கிடைக்குமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். கிளம்பும் நாள் காலையில் கடையின் வேலை நேரத்தை இணையத்தில் சரிபார்ப்பதும் உங்கள் பொறுப்பே.

ஓர் அறிக்கை நிராகரிக்கப்பட்டால் மற்ற மூன்றின் போனஸ் என்ன ஆகும்? வழித்தடம் முழுவதற்கும் ஒரே தொகையாகப் பேசியிருந்தால், ஒன்று கெட்டாலும் மொத்தமும் கேள்விக்குள்ளாகும். ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே போனஸ் பிரிக்கப்பட்டிருப்பதே ஷாப்பருக்குப் பாதுகாப்பு. இந்தக் காரணத்தாலும்தான் மேலே கொடுத்த மின்னஞ்சலில் மொத்தத் தொகையைக் கேட்காமல் பணிக்கு இவ்வளவு என்று கேட்டோம்.

போனஸ் கட்டணத்தோடு சேர்ந்து வருமா, தனியாக வருமா, எத்தனை நாளில் வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 30 முதல் 60 நாள் கழித்துப் பணம் வருவது இந்தத் துறையில் சர்வசாதாரணம்.

இரவு தங்க நேர்ந்தால்

தங்கும் செலவைத் தனியாகக் கேட்பதில் பயன் குறைவு. ஹோட்டல் மதிப்பீட்டுப் பணி ஒன்றை வழித்தடத்தில் சேர்த்துக்கொண்டால் அறைச் செலவை அதுவே ஏற்றுவிடும். அதற்கு வழியில்லையென்றால், அமெரிக்க அரசு தன் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் பயணப்படி விகிதம் உங்கள் அடிவிலைக் கணக்குக்கு உதவும். 2026 செப்டம்பர் வரையிலான நிதியாண்டுக்குப் பொது விகிதம் ஓர் இரவுக்குத் தங்குமிடம் 110 டாலர், சாப்பாடும் சில்லறைச் செலவும் நாளுக்கு 68 டாலர். பெருநகரங்களுக்கு இது அதிகம். இரண்டு நாள் பயணமென்றால் குறைந்தது ஏழெட்டுப் பணிகளாவது இல்லாமல் கட்டுப்படியாகாது.

பயணப்படியை முன்கூட்டியே அனுப்புகிறவர்களிடம் எச்சரிக்கை

எந்த உண்மையான நிறுவனமும் பயணச் செலவுக்கென்று முன்பணமாகக் காசோலை அனுப்பி, அதில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மீதிக்குப் பரிசு அட்டை வாங்கச் சொல்லாது. வேறொருவருக்குப் பணம் அனுப்பச் சொல்லவும் சொல்லாது. அமெரிக்க வணிக ஆணையமான எஃப்.டி.சி. பல ஆண்டுகளாக எச்சரித்துவரும் மோசடி இது. காசோலைப் பணம் ஓரிரு நாளில் உங்கள் கணக்கில் தெரியும். அது போலியென்று வங்கி கண்டுபிடிக்க வாரக் கணக்கில் ஆகலாம், அப்போது முழுத் தொகையையும் உங்களிடமே வசூலிப்பார்கள். பதிவுக் கட்டணம் கேட்பதும் அதே ரகம். புதிய நிறுவனத்தோடு பேசுமுன், துறை அமைப்பான எம்.எஸ்.பி.ஏ.வின் உறுப்பினர் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

எட்டாம் படி: வரிக் கணக்கு

பேசி வாங்கிய போனஸ் உங்கள் வருமானமே. ஆனால் தொலைதூரப் பணிகளில் அந்த வருமானத்தின் பெரும்பகுதி வரிக்கு வராமல் போகும். மேற்கண்ட பயணத்தில் வரவு 222 டாலர். 2026ஆம் ஆண்டின் விகிதப்படி 280 மைலுக்குக் கழிவு 203 டாலர். நிகர வருமானம் 19 டாலர். அதன்மீது சுயதொழில் வரி 3 டாலருக்கும் குறைவு. உங்கள் உண்மையான வண்டிச் செலவு 70 டாலர்தான் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், இந்தத் தொழிலில் மைல் கணக்கேடு எவ்வளவு மதிப்புள்ளது என்பது விளங்கும். சாலைச் சுங்கமும் பார்க்கிங் கட்டணமும் இதற்கு மேல் தனியாகக் கழிக்கத்தக்கவை.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் அன்றாடப் பயணம் கழிவுக்குள் வராது என்பது பொதுவிதி. வீட்டின் ஒரு பகுதியைத் தொழிலுக்கு மட்டுமே தவறாமல் பயன்படுத்தி, அதுவே உங்கள் தொழிலின் முதன்மை இடமாக இருந்தாலோ, நீங்கள் வசித்து வழக்கமாக வேலை செய்யும் பெருநகரப் பகுதிக்கு வெளியே தற்காலிக வேலையிடத்துக்குப் போனாலோ இந்தத் தடை நீங்குகிறது. விச்சிட்டா ஃபால்ஸ் டாலஸ் பெருநகரப் பகுதிக்கு வெளியே இருப்பது இங்கே உதவுகிறது. நிறுவனம் மைல் கணக்குப் பார்த்துச் செலவைத் தனியாகத் திருப்பித் தந்து அதை வருமானத்தில் காட்டாவிட்டால், அதே மைல்களை நீங்கள் மறுபடியும் கழிக்கக் கூடாது.

தேதி, சென்ற இடம், நோக்கம், மைல் ஆகிய நான்கையும் அன்றன்றே குறித்துவிடுங்கள். ஏப்ரலில் உட்கார்ந்து சென்ற ஆண்டு முழுவதையும் நினைவிலிருந்து எழுதும் கணக்கேடு தணிக்கையில் நிற்காது. 2026 முதல், ஆண்டுக்கு 2,000 டாலருக்குக் குறைவாகத் தந்த நிறுவனம் ஒப்பந்தக்காரருக்குத் தந்த தொகையைக் காட்டும் 1099-என்.இ.சி. படிவத்தை உங்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை (முன்பு 600 டாலர்). படிவம் வராவிட்டாலும் வருமானத்தைக் காட்டியே ஆக வேண்டும். சுயதொழிலில் ஆண்டு நிகர வருமானம் 400 டாலரை எட்டினால் சுயதொழில் வரியும் கணக்கிட வேண்டும்.

பணம் வரும் நாளில்

பணிகள் முடிந்ததும் பணி எண், கட்டணம், ஒப்புக்கொண்ட போனஸ், பணம் வரவேண்டிய தேதி ஆகியவற்றை ஒரு எக்செல் தாளில் ஏற்றி வையுங்கள். பல நிறுவனங்களின் தொகைகள் பேபால் வழியாக மொத்தமாக வந்து விழும்போது, எந்தப் பணியின் போனஸ் விடுபட்டது என்பது இந்தத் தாள் இல்லாமல் தெரியாது. விடுபடுவது பெரும்பாலும் கட்டணமாக இராது, கையால் சேர்க்கப்பட்ட போனஸாகவே இருக்கும். அப்படி நேர்ந்தால் ஷெட்யூலருக்குப் புகார்க் கடிதம் எழுத வேண்டாம். அவருடைய ஒப்புதல் மின்னஞ்சலையும் நீங்கள் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து, பணி எண்ணையும் குறையும் தொகையையும் மட்டும் குறிப்பிட்டு, அவருக்கும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். அடுத்த பட்டுவாடாவில் அது சேர்கிறதா என்பதை அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.